ஐந்தாம் அறையின் போர்

1971 டிசம்பரில் அரபிக் கடலுக்கு அடியில் காத்திருந்த நம் நீர்மூழ்கிகளைப் பத்திரமாகக் கரை சேர்த்தவர்கள் யார்? புனே மாவட்டத்து மலையில் தொழில் கற்ற இன்ஜின் அறைக்காரர்களின் கதை இது.

ஆண்டுதோறும் டிசம்பர் 4 இந்தியக் கடற்படை தினம். 1971-ல் அந்த இரவில்தான் நம் ஏவுகணைப் படகுகள் கராச்சியை நெருங்கிச் சென்று அடித்தன. அந்தத் தாக்குதலைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதிலிருந்து நான்காவது நாள், டிசம்பர் 8, நீர்மூழ்கி தினம். 1967-ல் அந்தத் தேதியில் சோவியத் ஒன்றியத்தின் ரிகா துறைமுகத்தில் இந்தியாவின் முதல் நீர்மூழ்கியான ‘ஐ.என்.எஸ். கல்வரி’ பணியில் சேர்ந்தது. இந்த நாளைக் கடற்படைக்கு வெளியே நினைப்பவர்கள் குறைவு. அந்த நீர்மூழ்கிகளை ஓடவைத்த இன்ஜினியர்களையும் ஆர்டிஃபிசர்கள் எனப்படும் இயந்திர வினைஞர்களையும் மெக்கானிக்குகளையும் நினைப்பவர்கள் அதைவிடக் குறைவு.

போர்க்கப்பலின் கதையைச் சொல்லும்போது கேப்டனின் பெயரைச் சொல்கிறோம். நீர்மூழ்கியைப் பொறுத்தவரை அந்த வழக்கம் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. மேற்பரப்பில் செல்லும் கப்பலில் இன்ஜின் நின்றால் கப்பல் மிதக்கும். உதவிக்கு ஆள் வரும்வரை காத்திருக்கலாம். எதிரிக் கடலில் 100 மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு வால்வு இறுகிக்கொண்டாலும், ஒரு பம்ப் நின்றாலும், பேட்டரி அறையில் ஒரு பொறி பறந்தாலும், உள்ளே இருக்கும் அத்தனை பேரின் உயிரும் ஒரு ஸ்பேனர் பிடித்த கையை நம்பித்தான் இருக்கிறது.

மலைமேல் கடற்படை

புனேயிலிருந்து மும்பை போகும் வழியில், சுமார் 65 கிலோமீட்டரில் லோனாவாலா. கடல் மட்டத்துக்கு 600 மீட்டருக்கு மேலே, சகியாத்ரி மலைத்தொடரில் இருக்கும் ஊர். மழைக்காலத்தில் புஷி அணைக்கட்டின் படிகளில் நனைய வரும் கூட்டம், கடற்படையின் ஒரு பெரிய வளாகத்தை ஒட்டித்தான் போய் வருகிறது. அதன் பெயர் ‘ஐ.என்.எஸ். சிவாஜி’. கப்பலுக்கு உரிய பெயர். ஆனால் அது ஒரு பள்ளி. இந்தியக் கடற்படையின் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் ஓட்டும் மெரைன் இன்ஜினியர்களை உருவாக்கும் இடம்.

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1945 பிப்ரவரி 15 அன்று, ‘எச்.எம்.ஐ.எஸ். சிவாஜி’ என்ற பெயரில் இது தொடங்கப்பட்டது. போருக்காக வேகமாகப் பெருத்த கடற்படைக்கு இயந்திரம் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகும் நெடுங்காலம் இன்ஜினியரிங் அதிகாரிகளில் பலர் பயிற்சிக்கு இங்கிலாந்து போய்வந்தார்கள். படிப்படியாக அந்தப் பயிற்சி லோனாவாலாவுக்கு வந்து சேர்ந்தது. நிறுவனத்தின் இலச்சினை வாக்கியம் ‘கர்மஸு கௌசலம்’: செய்தொழிலில் திறமை. 2020 பிப்ரவரி 13 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் இந்த நிறுவனத்துக்குக் குடியரசுத் தலைவரின் கொடியை வழங்கிக் கௌரவித்தார்.

இதே மாவட்டத்தில், புனே நகருக்குத் தென்மேற்கே கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமி இருக்கிறது. அங்கே ஏரியில் படகு செலுத்திப் பழகிய பையன்கள் கடற்படை அதிகாரிகளாகிறார்கள். கடற்கரையே இல்லாத புனே மாவட்டம் இப்படித்தான் நம் கடற்படைக்கு அதிகாரிகளையும் இயந்திரக்காரர்களையும் ஒருசேரத் தருகிறது.

சிவாஜியில் கற்றுத்தரப்படுவது டீசல், பாய்லர், டர்பைன் மட்டுமல்ல. கப்பலில் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது, தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற பயிற்சிக்கென்றே அங்கே தனிப் பள்ளி உண்டு. ஆடும் இரும்பு அறைக்குள் பயிற்சியாளர்களை விட்டு, சுவரில் உள்ள ஓட்டைகள் வழியே தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். மார்பளவு தண்ணீரில் நின்றபடி மர ஆப்புகளை அடித்து ஓட்டையை அடைக்க வேண்டும். கண்ணால் பார்த்து வேலை செய்யும் பழக்கத்தைக் கைக்குக் கடத்தும் பயிற்சி அது. இருட்டிலும் புகையிலும் கை தானாகவே சரியான வால்வைத் தேடிப் போக வேண்டும்.

ரிகாவிலிருந்து விசாகப்பட்டினம்

இந்தியாவுக்கு நீர்மூழ்கி வேண்டும் என்ற முடிவு 1960-களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்டது. முதலில் நம்மவர்கள் பிரிட்டிஷ் கடற்படையிடம் பயின்றார்கள். 1965-ல் சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ‘ஃபாக்ஸ்ட்ராட்’ வகை நீர்மூழ்கிகள் நான்கு வாங்கப்பட்டன. கல்வரி 1967 டிசம்பரிலும், கந்தேரி 1968 டிசம்பரிலும், கரஞ்ச் 1969 செப்டம்பரிலும், குர்சுரா 1969 டிசம்பரிலும் பணியில் சேர்ந்தன. கல்வரியின் முதல் கமாண்டிங் ஆபீசர், கமாண்டர் கே.எஸ். சுப்ரமணியன். கரஞ்ச்சின் முதல் கமாண்டிங் ஆபீசர், கமாண்டர் எம்.என்.ஆர். சாமந்த். சாமந்தின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; இந்தக் கதையில் அவர் மறுபடியும் வருவார்.

முதல் தலைமுறை இன்ஜின் அறைக்காரர்களின் சிரமம் இப்போது நினைத்தாலும் மலைப்பூட்டும். பிரிட்டிஷ் முறைக் கப்பல்களில் பழகியவர்கள் ரஷ்ய மொழி கற்று, ரஷ்ய மொழியில் எழுதிய கையேடுகளைப் படித்து, ரஷ்ய அளவுகளில் வார்க்கப்பட்ட இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டப் பழக வேண்டியிருந்தது. பனிக்கடலுக்காக வடிவமைத்த இயந்திரங்களை வெப்பக்கடலில் ஓட்டவும் வேண்டியிருந்தது. 1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பிறகு சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்தது. அதனால் கல்வரி ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்கக் கண்டத்தையே சுற்றிக்கொண்டு, 1968 ஜூலையில் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தது. மாதக்கணக்கான அந்தக் கடற்பயணம்தான் நம் நீர்மூழ்கி இன்ஜினியர்கள் எழுதிய முதல் பெரிய தேர்வு.

ஏழு அறைகள்

ஃபாக்ஸ்ட்ராட் நீர்மூழ்கியின் நீளம் சுமார் 91 மீட்டர். 70-க்கும் மேற்பட்டோர் அதற்குள் வாழ்ந்தார்கள். உட்பகுதி ஏழு அறைகள். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகக் குனிந்து நுழையும் வட்டக் கதவு ஒன்று உண்டு. ஆபத்து வந்தால் அந்தக் கதவு இறுக்கி மூடப்படும். அந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம்தான்.

முதல் அறை, முன்பக்க டார்பிடோ அறை. இரண்டாவதில் அதிகாரிகளின் இருப்பிடம்; அதன் அடியில் பேட்டரிகள். மூன்றாவது கட்டுப்பாட்டு அறை, பெரிஸ்கோப் அங்கேதான். சினிமாக்காரர்கள் விரும்பும் அறை அது. நான்காவதில் மாலுமிகளின் படுக்கைகள், அடியில் மறுபடியும் பேட்டரிகள். ஐந்தாவதில் தலா 2,000 குதிரைத்திறன் கொண்ட மூன்று டீசல் இன்ஜின்கள் பக்கம் பக்கமாக நிற்கும். ஆறாவதில் மின் மோட்டார்கள். ஏழாவது, பின்பக்க டார்பிடோ அறை. ஐந்தும் ஆறும் இன்ஜினியர்களின் ராஜ்யம்.

டீசல் இன்ஜின் எரியக் காற்று வேண்டும். தண்ணீருக்கு அடியில் காற்று கிடையாது. ஆகவே ஆழத்தில் இருக்கும்போது நீர்மூழ்கி பேட்டரியில் ஓடும். பேட்டரி தீர்வதற்குள் மேலெழுந்து, ‘ஸ்நார்ட்’ என்று நீர்மூழ்கிக்காரர்கள் சொல்லும் காற்றுக் குழாயை மட்டும் அலைக்கு மேலே நீட்டி, டீசலை ஓட்டி, பேட்டரியை நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்தச் சில மணி நேரம்தான் நீர்மூழ்கிக்கு மிக ஆபத்தான நேரம். குழாயின் தலை எதிரி ரேடாரில் தெரியலாம். டீசலின் இரைச்சல் எதிரி சோனாரில் கேட்கலாம். ஆகவே எவ்வளவு விரைவாகச் சார்ஜ் ஏறுகிறது என்பது உயிர் பிழைக்கும் கணக்கு. அந்தக் கணக்கு இன்ஜினியரின் கையில் இருந்தது.

ஒரு பெரிய அலை ஸ்நார்ட்டின் தலையை மூழ்கடித்தால், தண்ணீர் உள்ளே வராதபடி அதன் வால்வு சட்டென்று மூடிக்கொள்ளும். இன்ஜினோ நிற்காது; கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சத் தொடங்கும். உள்ளே அழுத்தம் குறையும், எல்லோருக்கும் காது அடைக்கும். அந்த நொடிகளில் இன்ஜினை நிறுத்துவதா ஓடவிடுவதா என்று முடிவெடுக்கும் ஆள் ஐந்தாம் அறையில் நிற்பவர்.

பேட்டரியிலும் நிம்மதி இல்லை. ஈய-அமிலப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே வெடிக்கத் தயார். விசிறிகளும் அளவுமானிகளும் இடைவிடாமல் கவனிக்கப்பட வேண்டும். ஆழத்தில் மூச்சுக்காற்றுக்கு ரசாயனத் தகடுகளை நம்பியிருந்தார்கள். அவை கரியமில வாயுவை இழுத்து ஆக்ஸிஜனை விடும். அந்தத் தகட்டில் எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும். எண்ணெயிலேயே புழங்கும் மனிதர்கள் எண்ணெய் படாமல் அவற்றைக் கையாள வேண்டியிருந்தது.

எரிபொருள் தீரத் தீரக் கப்பலின் எடை மாறும். அந்த இடத்தைக் கடல்நீர் நிரப்பும். கடல்நீர் டீசலைவிடக் கனம். அதற்கேற்பச் சமன்செய்யாவிட்டால் மூக்கு சரியும் அல்லது வால் தாழும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். புரொப்பல்லர் தண்டு கப்பலின் உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் சீல் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் தண்டு சுழலவும் வேண்டும். குளிக்கவும் துணி துவைக்கவும் நன்னீர் கிடையாது. டீசல் வாடையும் வியர்வையும் உடலோடு ஒட்டிக்கொள்ளும். இந்தக் கப்பலில் போருக்குப் போனார்கள் நம் ஆட்கள்.

இதே வகைக் கப்பல் ஒருமுறை உலகத்தையே அணு ஆயுதப் போரின் விளிம்புக்குக் கொண்டுபோயிருக்கிறது. 1962 கியூபா நெருக்கடியின்போது சோவியத் ஒன்றியம் நான்கு ஃபாக்ஸ்ட்ராட்களைக் கரீபியன் கடல் பக்கம் அனுப்பியது. ‘பி-59’ என்ற கப்பலுக்குள் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியது, பேட்டரி தீர்ந்துபோனது, கரியமில வாயு ஏறியது. மேலே அமெரிக்கக் கப்பல்கள். அணு டார்பிடோவைப் பயன்படுத்துவது வரை பேச்சு போனதாகவும், வாசிலி ஆர்கிபோவ் என்ற அதிகாரி அதைத் தடுத்ததாகவும் பின்னாளில் தெரியவந்தது. ‘பி-130’ கப்பலில் மூன்று டீசல் இன்ஜின்களுமே பழுதாகி, அதைக் கட்டி இழுத்துத்தான் ஊருக்குக் கொண்டுபோனார்கள். வெப்பக்கடலில் இந்தக் கப்பல்களை ஓட்டுவது என்ன பாடு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கராச்சிக்கு வெளியே

1971 நவம்பர். கிழக்கு வங்கத்தில் கொடுமைகள் உச்சத்தில் இருந்தன. போர் வாசலில் நின்றது. கமாண்டர் அருண் ஆடிட்டோ தலைமையில் குர்சுரா நவம்பர் 13 அன்று பம்பாயிலிருந்து புறப்பட்டது. 18-ம் தேதி தனக்கு ஒதுக்கிய கடற்பகுதியை அடைந்தது. நவம்பர் 30 அன்று, அடுத்து வந்த கரஞ்ச்சை நடுக்கடலில் சந்தித்துப் பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டு, டிசம்பர் 4 அன்று பம்பாய் திரும்பியது. கமாண்டர் வி.எஸ். செகாவத் தலைமையில் கரஞ்ச், பாகிஸ்தான் கடற்பகுதியில் கண்காணிப்பைத் தொடர்ந்தது. கந்தேரி வங்கக் கடல் பக்கம் இருந்தது.

நீர்மூழ்கிகளுக்குக் கொடுத்த உத்தரவு கடுமையானது. எதிரிப் போர்க்கப்பல் என்று ஐயமற உறுதி செய்த பிறகே தாக்கலாம். சரக்குக் கப்பல்களைத் தனி உத்தரவு வந்தால் மட்டுமே தொடலாம். கப்பல் பாதைகளைக் குறுக்கிடக் கூடாது. நடுநிலை நாட்டுக் கப்பல் ஒன்று தவறுதலாக மூழ்கினால் உலகம் இந்தியாவுக்கு எதிராகத் திரும்பும். ஆகவே நம் நீர்மூழ்கிகள் இலக்குகளைக் கண்டும், அடையாளம் உறுதியாகாமல் விட்டும், மறைந்தும் காத்தும் கிடந்தன. எந்தக் கப்பலையும் மூழ்கடிக்காமல் ஊர் திரும்பின.

சினிமாவுக்கு ஏற்ற முடிவு இல்லைதான். ஆனால் இன்ஜினியரின் பக்கத்திலிருந்து பாருங்கள். தாக்கும் கப்பலுக்கு ஓர் இரவு வேலை. காத்திருக்கும் நீர்மூழ்கிக்கு ஒவ்வோர் இரவும் வேலை. எதிரியின் வாசலில் இரவுதோறும் ஸ்நார்ட் நீட்டிப் பேட்டரி நிரப்பி, பகல் முழுவதும் ஒரு கருவி கீழே விழுந்த சத்தம்கூட எழாமல் ஊர்ந்து, பழுதானதைச் சத்தமில்லாமல் சரிசெய்து, எல்லோரையும் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார்கள். பணியில் சேர்ந்து நான்கே ஆண்டுகளான ஒரு படைப்பிரிவு, தனக்குப் பழக்கமில்லாத நாட்டின் இயந்திரங்களோடு இதைச் செய்தது. செகாவத்துக்கு வீர் சக்ரா கிடைத்தது, முற்றிலும் தகுதியானவர். பின்னாளில் அவர் கடற்படைத் தளபதியுமானார். அவருக்குக் கீழே ஐந்தாம் அறையிலும் ஆறாம் அறையிலும் நின்றவர்களின் பெயர்கள் பொதுமக்கள் படிக்கும் வரலாற்றில் இல்லை.

இயந்திரம் எழுதிய தீர்ப்புகள்

அந்தப் போரின் பெரிய கடல் நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றிலும் இயந்திரக்காரரின் கை தெரிகிறது, எதிரியின் பக்கத்திலும்தான்.

பாகிஸ்தானின் ‘ஹாங்கோர்’ பிரான்சில் கட்டப்பட்ட டாஃப்னே வகை நீர்மூழ்கி. டிசம்பர் தொடக்கத்தில் சௌராஷ்டிரக் கடற்பகுதியில் அதன் ஏர்கண்டிஷனிங் அமைப்பின் கடல்நீர்ப் பம்ப் கெட்டுப்போனது. வெப்பக்கடலில் குளிரூட்டல் இல்லாமல் மூழ்கியிருக்க முடியாது. மீன்பிடிப் படகுபோலத் தோன்றும்படி மேற்பரப்பில் நின்று, ஏறக்குறைய 36 மணி நேரம் உழைத்து, அந்தப் பழுதைச் சரிசெய்தார்கள். அதன் பிறகுதான், டிசம்பர் 9 இரவில், ஹாங்கோரின் டார்பிடோ நம் போர்க்கப்பலான ‘ஐ.என்.எஸ். குக்ரி’யை மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கப்பலோடு போனார்கள். அந்தப் பம்ப் சரியாகாமல் இருந்திருந்தால் குக்ரி பிழைத்திருக்கக் கூடும். இழப்பின் வலி நம்முடையது. இயந்திரப் பழுது பார்ப்பது போரின் போக்கையே திருப்பும் என்ற பாடமும் நமக்குரியது.

பாகிஸ்தானின் இன்னொரு நீர்மூழ்கியான ‘காஸி’யின் கதை மறுபக்கம். அமெரிக்காவில் 1944-ல் கடலில் இறக்கிய பழைய கப்பல் அது. விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி வங்கக் கடலுக்கு வந்தது. சென்னைக் கடற்பகுதியிலும் தேடியது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே வெடித்து மூழ்கியது. 90-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ‘ஐ.என்.எஸ். ராஜ்புத்’ வீசிய ஆழ்குண்டுதான் காரணம் என்பது இந்தியத் தரப்பு. தானே கடலில் வைத்த கண்ணிவெடியில் சிக்கியது என்றும், பேட்டரியில் தேங்கிய ஹைட்ரஜன் வெடித்தது என்றும் வாதங்கள் உண்டு. அந்த வாதம் முடியவில்லை. பேட்டரி ஹைட்ரஜன் ஒரு கப்பலையே கொல்லக்கூடியது என்பதை எந்த நீர்மூழ்கி இன்ஜினியரும் மறுக்கமாட்டார்.

காஸி தேடிவந்த விக்ராந்தின் நிலை என்ன? 1970 ஜூனில் அதன் பாய்லர்களின் நீர்க்கலன்களில் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. வெல்டிங்கில் சரிப்படாத விரிசல்கள். மாற்றுக் கலன்கள் பிரிட்டனிலிருந்து வர வேண்டும். பாய்லரைப் பற்றவைக்கவே தடை இருந்தது. அதற்குள் போர் நெருங்கியது. இன்ஜினியர்கள் நீராவி அழுத்தத்தைக் குறைத்து, வேகத்துக்கு வரம்பு கட்டி, அந்தக் கப்பலைக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். விரிசல் விட்ட பாய்லரோடு விக்ராந்த் கிழக்குக் கடலில் நின்றது. அதன் விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின.

ஓர் ஆர்டிஃபிசருக்கு உயரிய விருது

1971 மார்ச் இறுதி. பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் பாகிஸ்தானின் ‘மாங்ரோ’ நீர்மூழ்கியில் பயிற்சியில் இருந்த வங்காளி மாலுமிகள் சிலர், தாய்மண்ணில் நடக்கும் படுகொலையை வானொலியில் கேட்டுக் கப்பலைவிட்டு வெளியேறினார்கள். ஸ்பெயின் வழியாக எட்டுப் பேர் இந்தியா வந்து சேர்ந்தார்கள். அவர்களில் இன்ஜின் பிரிவிலும் மின் பிரிவிலும் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். இவர்களை மையமாக வைத்து, பிளாசி அருகே பாகீரதி நதிக்கரையில் வங்காளி இளைஞர்களுக்கு நீச்சல் வீரர் பயிற்சி தொடங்கியது. பொறுப்பு ஏற்றவர்களில் முதன்மையானவர், கரஞ்ச்சின் முதல் கேப்டன் சாமந்த். ஆகஸ்ட் நடுவில், இந்த நீச்சல் வீரர்களின் தாக்குதலில், சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் துறைமுகங்களில் கப்பல்கள் வெடித்து மூழ்கின.

டிசம்பர் 10 அன்று சாமந்த் தலைமையில் சிறுபடகுகளின் அணி குல்னாவை நோக்கிச் சென்றது. அதில் இருந்த ‘பலாஷ்’ என்ற துப்பாக்கிப் படகின் இன்ஜின் அறை ஆர்டிஃபிசர், முகமது ருஹுல் அமீன். பாகிஸ்தான் கடற்படையில் பணியாற்றி, பங்களாதேஷ் விடுதலைப் போருக்கு வந்தவர். இந்திய விமானங்கள் எதிரிப் படகுகள் என்று தவறாக எண்ணித் தாக்கின. படகைக் கைவிட உத்தரவு வந்தும், அமீன் இன்ஜினைக் காப்பாற்ற முயன்றார். குண்டு பட்டுக் காயமடைந்து, நீந்திக் கரையேறியவரைப் பாகிஸ்தான் ஆதரவுப் படையினரான ரசாக்கர்கள் கொன்றார்கள்.

பங்களாதேஷின் மிக உயரிய வீர விருதான ‘பீர் ஸ்ரேஷ்டோ’ ஏழு பேருக்குத்தான் வழங்கப்பட்டது. அவர்களில் கடற்படையைச் சேர்ந்த ஒரே ஒருவர் ருஹுல் அமீன். ஒரு நாடு, தன் கடற்படையின் மிகப் பெரிய வீரராக ஓர் இன்ஜின் அறைக்காரரைத் தேர்ந்தெடுத்தது. அந்த மரியாதையை நாமும் கற்றுக்கொள்ள வேண்டும். சாமந்துக்கு இந்தியா மகாவீர் சக்ரா அளித்தது.

போர் இல்லாத நாளிலும்

இன்ஜினியருக்குப் போர்நிறுத்தம் கிடையாது. 2014 பிப்ரவரி 26 அன்று, மும்பைக்கு அப்பால் சோதனை ஓட்டத்தில் இருந்த நீர்மூழ்கி ‘ஐ.என்.எஸ். சிந்துரத்னா’வின் மூன்றாம் அறையில் புகை சூழ்ந்தது. லெப்டினன்ட் கமாண்டர் கபீஷ் சிங் முவாலும் லெப்டினன்ட் மனோரஞ்சன் குமாரும் மற்றவர்களை வெளியேற்றினார்கள். அவர்கள் வெளியே வரவில்லை. முவால் அந்தக் கப்பலின் மின் பிரிவு அதிகாரி. இருவருக்கும் மரணத்துக்குப் பின் சௌர்ய சக்ரா அளிக்கப்பட்டது. தொடர்ந்து நடந்த விபத்துகளுக்குப் பொறுப்பேற்று அன்றே பதவி விலகினார் கடற்படைத் தளபதி டி.கே. ஜோஷி.

நீர்மூழ்கிக்கான பயிற்சி இன்று விசாகப்பட்டினத்தின் ‘ஐ.என்.எஸ். சாதவாகனா’விலும் நடக்கிறது. அணுசக்தி நீர்மூழ்கி அரிஹந்த்துக்கு முன்னோடியாக, நிலத்தில் அமைந்த மாதிரி அணு உலை நம் கல்பாக்கத்தில் 2006-ல் முழுமையாகச் செயல்பாட்டுக்கு வந்தது. ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் மிகத் தாழ் அதிர்வெண் நிலையமான ‘ஐ.என்.எஸ். கட்டபொம்மன்’ 1990 முதல் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கிறது. பழைய பெயர்கள் புதிய கப்பல்களில் உயிர்பெற்றிருக்கின்றன. மும்பை மஸகான் கட்டுமானத் தளத்தில் கட்டிய புதிய கரஞ்ச், 2021 மார்ச் 10 அன்று பணியில் சேர்ந்தபோது தலைமை விருந்தினராக வந்தவர், பழைய கரஞ்ச்சைப் போருக்கு ஓட்டிச்சென்ற அட்மிரல் செகாவத்.

இயந்திரத்தை நாமே செய்ய வேண்டும் என்ற பாடமும் புனேக்கே திரும்பி வந்திருக்கிறது. புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் நிறுவனத்துடன், கடற்படைக் கப்பல்களுக்கான 6 மெகாவாட் டீசல் இன்ஜினை உள்நாட்டிலேயே வடிவமைக்க 2025 ஏப்ரலில் கடற்படை ஒப்பந்தம் செய்தது. திட்டத்தின் மதிப்பு 270 கோடி ரூபாய். அதில் 70 சதவீதத்தை அரசு தருகிறது. ரஷ்யக் கையேடுகளோடு போராடிய தலைமுறையின் உழைப்புக்கு இது தாமதமாக வந்த பதில். வந்ததே என்று வரவேற்போம்.

செய்ய வேண்டியவை

குர்சுரா 2001-ல் ஓய்வுபெற்று, 2002 முதல் விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. சென்னையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம். தமிழ்நாட்டுக்கும் இப்படியொரு வாய்ப்பு வந்தது. 1974 முதல் 2010 வரை 36 ஆண்டுகள் பணியாற்றிய நீர்மூழ்கியான ‘ஐ.என்.எஸ். வாக்லி’யை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கத் திட்டமிட்டார்கள். கப்பல் சென்னைத் துறைமுகம் வரை வந்தது. திட்டம் நிறைவேறவில்லை. ஓர் ஐந்தாம் அறையைத் தமிழ்ப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்திருக்க முடியும், அதை இழந்தோம். சிந்து வரிசை நீர்மூழ்கிகள் இப்போது ஒவ்வொன்றாக ஓய்வுபெற்று வருகின்றன. அவற்றில் ஒன்றைத் தமிழக அரசு கேட்டுப் பெற வேண்டும். இந்த முறை, முடிக்கும் திட்டத்தோடு கேட்க வேண்டும்.

1971-ல் இருபது வயதில் இருந்தவர்கள் இப்போது எழுபதுகளின் நடுவில் இருக்கிறார்கள். கடற்படையும் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் உடனே அவர்களைத் தேடிப் போய், குரலைப் பதிவுசெய்ய வேண்டும். கப்பலின் ஓட்டப் பதிவேட்டில் இல்லாதது அவர்கள் நினைவில் இருக்கிறது: எந்தப் பம்ப் எப்போது நின்றது, எதை வெட்டி எதற்குப் பொருத்தினார்கள், யார் இரண்டு நாள் தூங்காமல் நின்றார். இந்தச் செய்திகள் அவர்களோடு போய்விட்டால் திரும்பக் கிடைக்காது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில், தெருவில், பழைய கடற்படை ஆர்டிஃபிசரோ மெக்கானிக்கோ இருந்தால், இந்த வாரமே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சுட்டது எத்தனை என்று கேட்காதீர்கள். ஓடவைத்தது எது என்று கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள்.